முப்பத்தோராயிரம் பாயிண்ட்டில் இல்லாத அக்கா

அவருக்கு அலுவலகத்தில் பெயர் பாயிண்ட்டு. பெற்றவர்கள் ஆசை ஆசையாய் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

உறவுக்காரர்கள் கூடுகிற இடங்களுக்குப் போக அவருக்குப் பயம். போனால் யாராவது ஒரு பெரியப்பா பிடித்து உட்கார வைத்துவிடுவார்.

"நீ கம்ப்யூட்டர்லதானே இருக்கே? என்ன பண்றே?"

"சாஃப்ட்வேர் எவ்வளவு பெரிசுன்னு அளந்து சொல்றேன் பெரியப்பா."

"நீயே எழுதறதில்லையா?"

"இல்ல."

"ரிப்பேராச்சும் பண்ணுவியா?"

"அதுவும் இல்ல. அளக்கறது மட்டும்தான்."

"எதால அளப்பே? டேப்பா, தராசா?"

"எண்ணுவேன் பெரியப்பா."

பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "பையன் ரொம்ப நல்ல பையன்" என்பார். வேறு சொல்வதற்கு ஒன்றும் கிடைக்காதபோது நம் ஆட்கள் சொல்கிற வார்த்தை அது.

பெரியப்பாவுக்குப் புரியாதது உங்களுக்குப் புரிந்துவிடும், பயப்படாதீர்கள். ஒரு கிடங்குக்காரர் கணினியில் சரக்கு வந்ததைப் பதிகிறார் என்றால் அது ஒரு வேலை. இருப்பு எவ்வளவு என்று தட்டிப் பார்த்தால் அது இன்னொன்று. மாதக் கடைசியில் கூட்டிக் கழித்து ஓர் அறிக்கை எடுத்தால் அது மற்றொன்று. வேலை லேசானது என்றால் மூன்று பாயிண்ட், கனமானது என்றால் ஆறு, ஏழு. இந்த வேலைகளுக்குப் பின்னால் சேமித்து வைத்திருக்கிற விவரக் குவியல்களுக்கும் தனியாகப் பாயிண்ட் உண்டு. அத்தனையையும் கூட்டினால் சாஃப்ட்வேரின் உருவம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். உள்ளே எத்தனை லட்சம் வரி எழுதிக் குவித்திருக்கிறார்கள் என்பதைப் பற்றி அளப்பவருக்குக் கவலையில்லை. ஒரே ஒரு சட்டம்தான். பயன்படுத்துகிறவர் கண்ணால் பார்த்து, 'ஆமாம், இது என் வேலைக்கு வேண்டியது' என்று சொல்லக்கூடியதுதான் கணக்கில் வரும். அவர் கண்ணுக்குத் தெரியாதது கணக்கில் இல்லை.

நியாயமான சட்டம். வாடிக்கையாளருக்குச் சமையலறைப் புகையெல்லாம் எதற்கு? பாயிண்ட்டு இந்தச் சட்டத்தை மனைவியை நம்புவதைவிட அதிகமாக நம்பினார். மனைவியும் இதை அறிவார்.

மனைவிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. குளியலறைக் குழாய்களும் வாளிகளும் தயாரித்து விற்கிற கம்பெனி. தரைத்தளத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில், கணினிப் பராமரிப்புக் குழுவில் இருந்தார். பதினோரு பேர் கொண்ட அந்த அறையில் எல்லோருக்கும் அவர் அக்கா, ஆகவே நமக்கும் அக்கா. அந்த உரிமையில் பாயிண்ட்டு அவர்களுக்கு மாமா. அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர் மூக்கில் இடிக்கும். ஏ.சி. ஒழுகுகிற இடத்தில் கம்பெனி தயாரித்த வாளி ஒன்றை வைத்திருந்தார்கள். அதுவும் ஒழுகியதால் அதற்கடியில் இன்னொரு கம்பெனியின் வாளி.

கம்பெனியின் கொள்முதல், கிடங்கு, விற்பனை, சம்பளம் எல்லாம் ஓடுவது பெரிய பேக்கேஜ் ஒன்றில். பேக்கேஜ் என்றால் ரெடிமேட் சட்டை மாதிரி. நம் உடம்பை அளந்து தைத்ததல்ல. உலகத்தில் எவன் வந்து வாங்கினாலும் போட்டுக்கொள்ளட்டும் என்று தைத்து வைத்தது. ஆகவே குழாய்க் கம்பெனி வாங்கிய பேக்கேஜுக்குள் துறைமுகக் கட்டணம் இருந்தது. பாட்டரங்க இருக்கை ஒதுக்கீடு இருந்தது. மாட்டுப் பண்ணை நிர்வாகம்கூட இருந்தது; எந்த மாடு எந்த மாட்டின் கன்று என்று நான்கு தலைமுறைக்குப் பதிந்து வைக்கலாம். யாரும் திறந்ததில்லை. மூடிய கதவுகளாக அவை உள்ளே கிடந்தன.

அக்காவின் வேலை என்ன என்று சொல்ல வேண்டும். இந்தக் கதையில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் அதுதான்.

கிடங்கின் ஷட்டர் ஏறுவதற்கு முன்பே அக்கா வந்து உட்கார்ந்துவிடுவார். முதல் நாள் வந்த சரக்கு, போன சரக்கு எல்லாவற்றையும் பேக்கேஜ் தானாகவே ஒன்றோடொன்று பொருத்திக்கொள்ளும். அப்படித்தான் அதை விற்றவர்கள் சொன்னார்கள். ஆனால் எங்காவது முட்டிக்கொண்டு நிற்கும். லாரிக்காரர் பெட்டிக் கணக்கில் கொடுத்ததை யாரோ துண்டுக் கணக்கில் பதிந்திருப்பார். பாதி பதிந்துவிட்டு ஒருவர் டீ குடிக்கப் போயிருப்பார். அந்த ஒன்று நின்றால் அதன் பின்னால் நூறு நிற்கும். அக்கா முட்டிக்கொண்டதையெல்லாம் ஒவ்வொன்றாய்ப் பிடித்து, எது பெட்டி, எது துண்டு, எது டீ என்று கண்டுபிடித்து, விடுவித்து அனுப்புவார். சில சமயம் அவர் விடுவிப்பதும் தப்பாகும். மறுநாள் அதையும் சரி செய்வார். ஷட்டர் ஏறும்போது கிடங்குக்காரர் திரையைப் பார்ப்பார். எல்லாம் ஒழுங்காக இருக்கும். பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவார். திரைக்குப் பின்னால் அக்கா என்று ஒருவர் இருப்பதே அவருக்குத் தெரியாது.

இப்படியே பதினொரு வருஷம் போயிற்று. அப்புறம் சுருக்கமா வந்தார்.

சுருக்கமா என்பது புதிதாக வந்த மேலாளரின் பெயர். யார் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் "சுருக்கமா" என்பார். 'சார், கட்டடம் தீப்பிடிச்சு…' என்றாலும் அதையேதான் சொல்வார் என்று ஊழியர்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் பாயிண்ட்டைக் கூப்பிட்டார்.

"நம்ம பேக்கேஜ் எத்தனை பாயிண்ட்டு?"

"அளந்தாத்தான் தெரியும் சார். இது ரெடிமேட், அதுல என்ன சிக்கல்னா…"

"சுருக்கமா."

"தெரியாது சார்."

"அளங்க. ஐந்நூறு பாயிண்ட்டுக்கு ஓர் ஆள் போதும்னு ஒரு மீட்டிங்ல சொன்னாங்க. கணக்குப் போட்டு, வேணுங்கற ஆளை வெச்சுக்கிட்டு மிச்சத்தை அனுப்பிடலாம்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க வீட்டம்மாவும் அதே ரூம்தானே? சங்கடமா இருந்தா சொல்லுங்க, வெளியாளை வெச்சு அளக்கறேன்."

"அளவு அளவுதான் சார்" என்றார் பாயிண்ட்டு. கம்பீரமாகத்தான் சொன்னார். வெளியே வந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் அவர் தரைத்தள அறைக்குள் நுழைந்தபோது செய்தி அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. அந்த அறையில் வாய் என்று ஒருவர் உண்டு. வேலை செய்தால் கை, மற்ற நேரமெல்லாம் வாய்.

"மாமா வந்துட்டாரு! எல்லாரும் வயித்தை உள்ள இழுங்கப்பா, அளக்கப் போறாரு."

"சும்மா இருய்யா" என்றார் பாயிண்ட்டு.

"இல்ல மாமா, ஒரு சந்தேகம். காலையிலிருந்து நான் மூணு கொட்டாவி விட்டிருக்கேன். அது இன்புட்டா, அவுட்புட்டா?"

"யாராச்சும் பார்த்தாங்களா?"

"இல்ல."

"அப்ப கணக்குல வராது."

அறையே சிரித்தது. சிரிப்பு முடிகிற இடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன உறுத்தல். ஆளாளுக்குத் தங்கள் வேலையில் எதை யார் பார்க்கிறார்கள் என்று மனசுக்குள் தேட ஆரம்பித்தார்கள்.

அக்கா திரையிலிருந்து திரும்பாமலேயே கேட்டார். "காலையில நான் செய்யறது?"

பாயிண்ட்டு பேனாவை மூடினார், திறந்தார். "அதை யூஸர் பார்க்கறதில்லையேம்மா."

"பார்க்கற மாதிரி ஆச்சுன்னா கம்பெனி நின்னுபோச்சுன்னு அர்த்தம்."

"அப்படி நின்னா… ஒருவேளை எண்ணலாம்."

இதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. சட்டப்படி யோசித்துத்தான் சொன்னார். வாய்கூட வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் பேச்சு தொடர்ந்தது. அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். பள்ளி இறுதி வகுப்பில் இருந்த மகள் அதே மேஜையின் மறுகோடியில் புத்தகத்தை விரித்து, காதை இங்கே வைத்திருந்தாள்.

"என்னங்க, எனக்குப் பாயிண்ட்டெல்லாம் வேணாம். ஒரே ஒரு வரி எழுதுங்க. 'காலையில இப்படி ஒரு வேலை நடக்குது, இதுக்கு ஓர் ஆள் வேணும்.' அவ்வளவுதான்."

"ரிப்போர்ட்ல அதுக்கு இடம் இல்லம்மா. உருவத்தை அளக்கற ரிப்போர்ட்டு. அதுல உருவம்தான் வரணும்."

"தாள்ல கீழே கொஞ்சம் வெள்ளையா இருக்குமில்ல? அங்க எழுதுங்க."

"அது எப்படி எழுதறது? நாளைக்கு ஒருத்தர் சரி பார்த்தா, 'இது என்ன, பொண்டாட்டிக்குச் சிபாரிசா'ன்னு கேட்பாங்க."

"சிபாரிசுன்னா நடக்காததை நடக்குதுன்னு சொல்றது. நான் நடக்கறதைத்தானே சொல்லச் சொல்றேன்?"

"அப்பா, அம்மாவை அடிக்குறிப்புல போட்டுடுங்க" என்றாள் மகள்.

அக்கா சிரித்துவிட்டார். பாயிண்ட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குத் தெரிந்து அடிக்குறிப்புக்கும் விதிமுறை உண்டு.

எண்ணத் தொடங்கினார். கிடங்குக்காரரின் பெயரில் உள்ளே போய், அவருக்குத் தெரிகிற பட்டியலில் இருந்ததையெல்லாம் எண்ணினார். பிறகு கொள்முதல்காரர், விற்பனைக்காரர், சம்பளம் போடுகிற அம்மாள். ஒரே திரை இரண்டு பேர் பட்டியலில் வந்தால் ஒரு தடவைதான் எண்ண வேண்டும். அதில் அவர் கெட்டிக்காரர். கூட்டினார். இரண்டாயிரத்துப் பதினான்கு. ஐந்நூறுக்கு ஓர் ஆள் என்றால் நாலு பேர். பதினோரு பேரில் ஏழு பேர் வீட்டுக்கு.

அந்த ஏழில் முதல் பெயர் யாருடையது என்று சொல்ல ஜோசியக்காரர் வேண்டாம். மற்றவர்களாவது 'இந்தத் திரை என் பொறுப்பு' என்று விரலை நீட்டலாம். அக்காவுக்கு நீட்ட விரல் இருந்தது, திரை இல்லை.

 பாயிண்ட்டு கல் அல்ல. கூட்டியதையே மூன்று முறை கூட்டிப் பார்த்தார். ஏதாவது விட்டுப்போயிருக்காதா என்று வாழ்க்கையில் முதல் முறையாக ஆசைப்பட்டார். ஒன்றும் விட்டுப்போகவில்லை.

இந்த இடத்தில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வேறு எந்தத் தொழில்காரருக்கும் வந்திருக்காது. சாதாரண மனிதன் என்றால் மனைவிக்காக நேர்மையாக ஒரு பொய் சொல்லியிருப்பான். இரண்டாயிரத்தை ஐயாயிரமாக்கி இருப்பான். அல்லது ஒரு வரி எழுதியிருப்பான். பாயிண்ட்டு சட்டத்துக்குள்ளேயே ஒரு கதவைத் தேடினார். கிடைத்துவிட்டது.

ரெடிமேட் பேக்கேஜை இரண்டு விதமாக அளக்கலாம். நாம் பயன்படுத்துவதை மட்டும் எண்ணுவது ஒரு விதம். டப்பாவில் வந்தது மொத்தத்தையும் எண்ணுவது இன்னொரு விதம். எதை எண்ணினோம் என்று மேலே எழுதிவிட்டால் இரண்டுமே முறைப்படி சரி. கிடங்குக்காரரின் பெயரில் போகாமல், எல்லாக் கதவும் திறக்கிற தலைமைப் பெயரில் போனால் போதும். அக்காவின் அறையில்தான் அந்தச் சாவி இருந்தது. வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அப்பப்பா! பட்டியல் கீழே போய்க்கொண்டே இருந்தது. துறைமுகம், பாட்டரங்கம், சுரங்கம், மாடு. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாய் எண்ண ஓர் ஆயுள் போதாது. எட்டுப் பகுதிகளைத் துல்லியமாக எண்ணி, பட்டியலில் ஒரு வரிக்குச் சராசரி எத்தனை பாயிண்ட் என்று கண்டுபிடித்து, மிச்சத்தைப் பெருக்கிவிட்டார். மாட்டுப் பண்ணை அந்தத் துல்லியமான எட்டில் ஒன்று. மாட்டைச் சேர், மாட்டை மாற்று, மாட்டை நீக்கு, பால் அறிக்கை என்று அது நீண்டுகொண்டே போயிற்று. நூற்றெண்பது பாயிண்ட்.

மொத்தம் முப்பத்தோராயிரம் பாயிண்ட். அறுபத்திரண்டு பேர் வேலை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தார். அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, எழுதினீங்களா?"

"அதைவிடப் பெரிசா பண்ணியிருக்கேன். பாரு."

அறுபத்திரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையைப் பதினோரு பேர் பார்க்கிறார்கள் என்றால் சுருக்கமா என்ன செய்வார்? வாயடைத்துப் போவார். ஆளைக் குறைக்கிற பேச்சை விட்டுவிடுவார். ஒருவேளை ஏ.சி.யைக்கூடச் சரி பண்ணித் தருவார். அதுதான் பாயிண்ட்டு போட்ட கணக்கு. அவர் போட்ட கணக்குகளிலேயே பாயிண்ட் இல்லாமல் போட்டது அது ஒன்றுதான்.

சுருக்கமா கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பினார்.

"அறுபத்திரண்டா?"

"ஆமா சார். பதினோரு பேர்தான் பார்க்கறாங்க."

"எப்படிப் பார்க்கறாங்க?"

"திறமை சார்."

"இல்ல. ஐம்பத்தோரு பேர் வேலையை இங்க யாருமே பார்க்கலைன்னு அர்த்தம். இவ்வளவு நாள் நாம பெரிய ஆபத்துல இருந்திருக்கோம்."

"சார், அப்படி இல்ல. அந்தத் துறைமுகம், மாட்டுப் பண்ணையெல்லாம் நாம தொடறதே இல்ல…"

"தொடாததை ஏன் எண்ணினீங்க?"

இதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. 'தொடுவதை மட்டும் எண்ணினால் நாலு பேர் போதும் என்று வருகிறது, சார்.' அதைச் சொன்னால் ஏழு பேர் போவார்கள். சொல்லாவிட்டால் எத்தனை பேர் என்று இன்னும் தெரியவில்லை. அவர் சொல்லவில்லை.

"சார், எண்ணிக்கையை விடுங்க. காலையில ஷட்டர் ஏறுறதுக்கு முன்னாடி அந்த ரூம்ல ஒரு வேலை நடக்குது. அது என்னன்னா, லாரிக்காரர் பெட்டிக் கணக்குல கொடுப்பாரு, நம்ம ஆள் அதைத் துண்டுக் கணக்குல…"

"சுருக்கமா."

அந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. லாரியிலிருந்து தொடங்கித்தான் வர வேண்டும். சுருக்கமா ரிப்போர்ட்டின் மூலையில் ஒரு கையெழுத்துப் போட்டார்.

இவ்வளவு பெரிய உருவத்தை ஒரு சின்ன அறையும் பதினோரு பேரும் தாங்க முடியாது என்று முடிவானது. வேலை மொத்தமும் வெளியே ஒரு நிறுவனத்துக்குப் போயிற்று. முப்பத்தோராயிரம் பாயிண்ட்டுக்கு ஒப்பந்தம். அந்த நிறுவனம் விவரம் தெரிந்தது. ஒப்பந்தம் பாயிண்ட்டுக்குத்தானே, தலைக்கு இல்லையே. நாலு பேரை அனுப்பியது. ஆக, நாலு பேர்தான் என்று விதி எழுதியிருந்தது. அந்த நாலிலும் நம் ஆள் யாரும் இல்லை என்பது மட்டும்தான் பாயிண்ட்டின் பங்களிப்பு.

ஒப்படைக்கிற வேலை தொடங்கியது. வந்தவர்களில் ஒரு பெண் கையில் பட்டியல் வைத்திருந்தார். பாயிண்ட்டு எண்ணிய பட்டியலேதான். ஒவ்வொரு வரியாக அக்காவிடம் கேட்டு, டிக் போட்டுக்கொண்டு வந்தார். மரியாதையான பெண். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

"மாட்டுப் பண்ணை பத்திச் சொல்லுங்க மேடம்."

"எனக்கு மாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. நாங்க திறந்ததே இல்ல."

"பிரச்னை எதுவும் வந்ததில்லையா?"

"திறந்தாத்தானே வரும்?"

"அப்ப 'நிலுவை எதுவும் இல்லை'ன்னு போட்டுக்கறேன்." டிக்.

பக்கத்து நாற்காலியில் வாய் தன் பொருள்களை ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். "மேடம், மாட்டை நல்லாப் பார்த்துக்கங்க. பதினொரு வருஷமா தீனியே போடல" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

பட்டியல் முடிந்த பிறகு அக்கா சொன்னார். "இதுல இல்லாத ஒண்ணு இருக்கும்மா. காலையில செய்யணும். நான் காட்டறேன்."

"எந்த வரி மேடம்?"

"வரி இல்ல."

அந்தப் பெண் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு முறை உண்மையாகவே தேடினார். "வரி இல்லைன்னா நான் எங்க டிக் பண்றது? வாங்கிக்கிட்டேன்னு எப்படிக் காட்டறது?"

"டிக் வேணாம். சும்மா வந்து பாரு. நாளைக்கு ஷட்டர் ஏறுறதுக்கு முன்னாடி."

"எங்க ஒப்பந்தம் ஒன்பது மணியிலிருந்துதான் மேடம். அதுக்கு முன்னாடி உள்ளே விடமாட்டாங்க. கேட்டுப் பார்க்கறேன்."

கேட்டுப் பார்த்தார். விடவில்லை. மறுநாள் காலை அக்கா தனியாக உட்கார்ந்து, முட்டிக்கொண்டவற்றை வழக்கம்போல் விடுவித்து அனுப்பினார். அதற்கு அடுத்த வாரம் அவரையும் அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வரும்போது ரிப்போர்ட்டின் ஒரு பிரதி அவர் பையில் இருந்தது. மேஜையில் வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கம் பக்கமாகப் படித்தார். பாயிண்ட்டு எதிரில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றாமல் இருந்தார். எழுந்து ஓட வேண்டிவருமோ என்று கால் நினைத்ததோ என்னவோ.

"மாட்டுக்கு நூத்தி எண்பது."

"ம்."

"பாட்டரங்க சீட்டுக்கு இருநூத்தி நாப்பது."

"அது சராசரி போட்டது."

"நல்லா எழுதியிருக்கீங்க." அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஒரு வரி கேட்டேன்."

"உன்னைக் காப்பாத்தத்தான்மா இவ்வளவும்…"

"தெரியும். இல்லைன்னு நான் சொல்லல. ஆனா இத்தனை பக்கத்துல உங்களுக்கு என்னை எங்கயும் வைக்கத் தோணல. சட்டம் விடலைன்னு சொல்வீங்க. மாட்டை விட்டுச்சே?"

பாயிண்ட்டிடம் பதில் இருந்தது. மாட்டுப் பண்ணையைப் பயன்படுத்துகிறவர் ஒருவர் எங்காவது இருப்பார், அவர் கண்ணுக்கு அது தெரியும், ஆகவே அது கணக்கில் வரும். அவ்வளவு முட்டாள் இல்லை என்பதால் அதை அவர் சொல்லவில்லை. மகள் எழுந்து வந்து ரிப்போர்ட்டை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் போட்டாள். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அக்கா போன பிறகு கம்பெனி தலைகீழாகக் கவிழ்ந்தது, சுருக்கமா ஓடி வந்து காலில் விழுந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பேக்கேஜ் நிற்கவில்லை, வந்த நாலு பேர் முட்டிக்கொண்டதையெல்லாம் தள்ளிவிட்டு ஓடும்படி அதை அமைத்துவிட்டார்கள். ஓடியது. திரையில் இருந்த சரக்கும் அலமாரியில் இருந்த சரக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டன. கிடங்குக்காரர் முதலில் திட்டினார். பிறகு பழகிக்கொண்டார். "ஸ்க்ரீன்ல அப்படித்தான் காட்டும், நீங்க போய் எண்ணிட்டு வாங்க" என்று உதவிக்கு இருப்பவர்களை அனுப்பினார். இடைவெளிக்குக் கணக்குப் பிரிவில் 'கிடங்குச் சேதாரம்' என்று ஒரு பெயர் வைத்தார்கள். பெயர் வைத்துவிட்டால் அப்புறம் யார் கவலைப்படுகிறார்கள்?

பாயிண்ட்டு மட்டும் அதை விளங்கிக்கொண்டார். அந்தச் சேதாரம் என்பது அக்கா இல்லாத காலைகள். ஒரு நாள் வீட்டில் அதைச் சொன்னார், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

"அதை எதுக்கு எங்கிட்டச் சொல்றீங்க? நான் போய்ச் சரி பண்ணவா?" என்று கேட்டுவிட்டு அக்கா துணி மடிப்பதைத் தொடர்ந்தார்.

பாயிண்ட்டுக்கு நல்ல பெயர். பேக்கேஜின் உண்மையான உருவத்தைக் கண்டுபிடித்துக் கம்பெனியை ஆபத்திலிருந்து மீட்டவர் என்று சுருக்கமா ஒரு கூட்டத்தில் இரண்டே சொற்களில் பாராட்டினார். மற்றக் கிளைகளிலும் போய் அளக்கச் சொல்லியிருக்கிறார்கள். போகிற இடத்திலெல்லாம் தரைத்தளத்தில் ஓர் அறை, அதில் எட்டோ ஒன்பதோ பேர், ஒரு காலி நாற்காலி, சூடான டீ. டீயைக் கொடுக்கிறவர்கள் அவர் முகத்தையே பார்ப்பார்கள். இப்போது அவர் இரண்டு விதமாகவும் அளந்து, இரண்டு எண்களையும் கொடுத்துவிடுகிறார். எந்த எண்ணைப் பார்த்தாலும் அறை காலியாகிவிடுகிறது. வேலையை விட்டுவிடலாம் என்று நினைக்காத நாளில்லை. வீட்டில் சம்பளம் இப்போது ஒன்றுதான். மகள் கல்லூரியில் சேர வேண்டும். வாய் இப்போது ஒரு கைபேசிக் கடையில் நிற்கிறார். அங்கே வாய்க்கு வேலை உண்டு.

அக்கா வேலை தேடினார். தேடினார் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில் ஒரு பெண் வேலை தேடுவது ஒரு சொல்லில் அடங்குவதில்லை. பெரும்பாலான இடங்களிலிருந்து பதிலே வராது. கூப்பிட்ட இடங்களில் எதிரில் உட்கார்ந்திருப்பவர் மகளைவிடக் கொஞ்சம் பெரியவராக இருப்பார், நாற்காலியை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டே பேசுவார்.

போன மாதம் ஒரு மருந்து மொத்த வியாபாரியிடமிருந்து அழைப்பு வந்தது. அங்கேயும் கிடங்கு, அங்கேயும் அதே பேக்கேஜ். இது கிடைத்துவிடும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. அக்கா மகளின் கைப்பையை இரவல் வாங்கிக்கொண்டார். பாயிண்ட்டு பாதி நாள் விடுப்பு எடுத்து ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். எதிர்ப்பக்கத்து மருந்துக்கடை நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, இரண்டு ஹெல்மெட்டையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைக்காரர், "ஏதாவது வேணுமா சார்?" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டாம் முறை வெட்கப்பட்டுத் தலைவலி மாத்திரை வாங்கினார்.

அக்கா வெளியே வந்தார். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகவே வந்துவிட்டார்.

"என்ன கேட்டாங்க?"

"முன்னாடி இருந்த இடத்துல என்ன செஞ்சீங்கன்னு கேட்டாங்க."

"சொன்னியா?"

"சொன்னேன். காலையில ஷட்டர் ஏறும்போது எல்லாம் சரியா இருக்கும்னு சொன்னேன்."

"ம்."

"சரியா இருக்கறதுக்கு நீங்க என்ன செஞ்சீங்கன்னு எதிர்ல இருந்த பையன் கேட்டான். லாரியிலிருந்து ஆரம்பிச்சேன். நல்ல பையன்தான், பாதி வரைக்கும் கேட்டான். அப்புறம் போனைப் பார்த்தான். புதுசா ஏதாவது உருவாக்கியிருக்கீங்களா, காட்டற மாதிரி ஏதாவது இருக்கான்னு கேட்டான். இல்லைன்னேன்."

"பதினொரு வருஷம் ஒரு நாள்கூட நிக்காம ஓடிச்சுன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். அப்ப அது நல்ல பேக்கேஜ்தான்னு சொன்னான்."

பாயிண்ட்டு ஹெல்மெட்டை நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டார், மாட்டிக்கொள்ளவில்லை. சாலையில் ஒரு மருந்து வண்டி பின்பக்கமாக வந்து கிடங்கு வாசலில் நின்றது. ஒருவர் இறங்கிப் பெட்டிகளை இறக்கத் தொடங்கினார். அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இறக்குகிறவரின் கையிலிருந்த சீட்டில் பெட்டிக் கணக்கா, துண்டுக் கணக்கா என்று இங்கிருந்து தெரியாது.

"உங்க பேரைச் சொன்னாங்க" என்றார் திடீரென்று. "அந்தக் கம்பெனியா, அங்க அளக்கறவர் ஒருத்தர் இருக்காரே, ரொம்பக் கெட்டிக்காரராமே, எங்க பேக்கேஜையும் அளக்கக் கூப்பிடலாம்னு இருக்கோம்னு சொன்னான். தெரியுமான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"தெரியும்னு சொன்னேன்."

பாயிண்ட்டு வண்டியைக் கிளப்பினார். அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, காற்றில் சரியாகக் கேட்காதோ என்று அவர் தோளருகே குனிந்து சொன்னார்.

"அடுத்த தடவை நீங்க வர வேணாங்க. நான் பஸ்ல போய்க்கறேன்."

"சரிம்மா" என்றார் பாயிண்ட்டு. அடுத்த தடவை என்று ஒன்று இருக்கிறதா என்று அவரும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை.